பெயில்ஸ் நிற்காத மைதானம்

மாவட்டப் பெண்கள் அணி தொடங்கியது
இரண்டாயிரத்து மூன்றில் என்று
சங்கத்து மலரில் அச்சாகப் போகிறதாம்.
அதற்கு முன்னால் ரெக்கார்டு இல்லை என்று
செயலாளர் போனில் அன்பாகத்தான் சொன்னார்.
அலமாரியின் அடித்தட்டில் இருந்து
புதுக்கடை முந்திரி ஆலையின்
பழைய வருகைப் பதிவேட்டை உருவி எடுத்தேன்.
பதினாறு பக்கம் கூலிக் கணக்கு.
பதினேழில் இருந்து ரன்கள்.

எண்பத்தொன்பது, ஆடி ஏழு, ஆரல்வாய்மொழி.
எதிரே திருநெல்வேலி.

கயிற்றுப் பாய் விரித்து ஆறு இடத்தில் ஆணி அறைந்தோம்.
பாய் அடங்கியது.
ஸ்டம்ப் நட்டோம். நின்றது.
பெயில்ஸ் மட்டும் வைக்க வைக்க விழுந்தது.
கணவாய்க் காற்றுக்கு விளையாட்டு விதி தெரியாது.
பெனடிக்டா எச்சில் தொட்டு வைத்தாள்,
பிறகு பபிள்கம் ஒட்டினாள்,
பபிள்கத்தோடு போய் விழுந்தது.
அம்பயர் தோவாளைப் பூச்சந்தையில் கணக்கெழுதுகிறவர்.
இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
"இது இல்லாமலே ஆடுங்க பிள்ளே" என்றார்.

எங்கள் பக்கம்
ஆலையில் தோடு உடைக்கிறவர்கள் ஐந்து பேர்,
முந்திரி எண்ணெய் தின்ற விரலில் பந்து வழுக்கவே வழுக்காது.
நர்சிங் பள்ளியில் இருந்து மூவர்,
அணிக்கு வெள்ளைச் சீருடை வந்த வழியும் அதுதான்.
குளச்சல் லீமா, மீன் ஏலத்துத் தொண்டை;
அந்தக் காற்றிலும் அவளுடைய "நோ" மட்டும்
மறுமுனை வரை போய்ச் சேரும்.
பெனடிக்டா.
இன்னொருத்தி அரசாங்க ஆபீசில் வேலை.
காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.
பேரைப் போடாதே என்று கையைப் பிடித்தாள்.
போடவில்லை.

காய்ச்சல் – 23 ரன், நான்கு பவுண்டரி.

நான் பன்னிரண்டாவது. பென்சில் என்னிடம்.

வேண்டியது எண்பத்தொன்பது.
எண்பத்தாறில் நின்றோம், கடைசி ஜோடி.
பந்து பெனடிக்டாவைத் தாண்டிப் போனது.
டக் என்று ஒரு சத்தம்,
அல்லது சத்தம் மாதிரி ஒன்று.
கீப்பர் இரண்டு கையும் தூக்கிக் கத்தினாள்.
ஸ்டம்ப் ஆடிக்கொண்டிருந்தது.
காலையில் இருந்தே அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அம்பயர் பைக்குள் கைவிட்டு
பெயில்ஸை எடுத்துப் பார்த்தார்,
அதற்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

"தொட்டுச்சு சார்" என்று சொல்லிவிட்டு
பெனடிக்டா நடந்தாள்.

பஸ்ஸில் ஒழுகினசேரி வரை
ஒருத்தியும் அவளோடு பேசவில்லை.
நானும்தான்.
பெனடிக்டா – போல்டு என்று எழுதி
அந்த 'போல்டு' மேல் பென்சிலால் திரும்பத் திரும்பக் கீறினேன்,
அடித்ததா அழுத்தியதா என்று
இப்போது பார்த்தால் எனக்கே விளங்கவில்லை.

அடுத்த பக்கங்கள் சீராக இல்லை.
தொண்ணூறில் மூன்று ஆட்டம், இரண்டு மழை.
இங்கே வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம்,
யாரிடம் சொல்லி என்ன.
தொண்ணூற்றிரண்டில் ஒரு வெற்றி,
அதைச் சுற்றிப் பூப்போட்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.
நர்ஸ்கள் குவைத்துக்குப் போனார்கள்.
ஆலை பூட்டிய மாதம்
கார்க் பந்து வாங்கிய கடன் முப்பத்தாறு ரூபாய்,
'பாக்கி' என்று இருக்கிறது. இன்னும் பாக்கிதான்.

போன வாரம் அதே ஊரில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம்.
கனமான பெயில்ஸ், தேக்காம்.
மூன்றாவது ஓவரில் விழுந்தது.
கீப்பர் பெண் எடுத்து, மண்ணை ஊதி, திரும்ப வைத்தாள்.
திரும்ப விழுந்தது.

பதிவேட்டின் நகலைச் செயலாளர் புரட்டினார்.
"ஒரு பாரா போட்டுருவோம்" என்றார்.
பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
"யாரு இந்தக் காய்ச்சல்? நல்லா ஆடியிருக்காளே."

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
இரவு போன் பண்ணினேன்.
ரிட்டயர் ஆகி ஆறு வருஷம், பென்ஷன் ஒழுங்காக வருகிறது.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.
"வேண்டாம்பிள்ளே" என்றாள்,
"அந்த ஒருநாள் லீவை
இப்பவும் நோண்டுவானுவ."